அச்சின் அடியில் என்ன எண் இருக்கிறது? பார்த்துவிட்டுப் பகிருங்கள்



சா/த பெறுபேறு வந்தால் போதும். இரண்டு நாளைக்குள் நமதூர் வட்ஸ்அப் குறூப் எல்லாம் சலாகை வரைபுகளால் நிரம்பிவிடும். போடுகிறவரின் பாடசாலை பச்சை நிறத்தில் வானத்தைத் தொடும். பக்கத்துப் பாடசாலை சாம்பல் நிறத்தில் தரையோடு கிடக்கும். கீழே "வரலாற்றுச் சாதனை" என்று ஒரு வரி. அதன் கீழே வாழ்த்து, ஏச்சு, பழைய மாணவர்களின் சண்டை, அதிபரை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை, எல்லாம் வரிசையாக வரும்.

அந்தப் பாடசாலை, இந்தப் பாடசாலை என்று நாங்கள் எழுத வரவில்லை. எந்தப் பெயரும் இதில் இல்லை. தேடாதீர்கள். கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களாக எங்களுக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்த வரைபுகளில் பெரும்பாலானவற்றை எங்கள் பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று வரைந்து தந்தால், சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுப்போம். அளவிடை பிழை. பிள்ளைக்குப் பிழையானது பெரியவர்களுக்கு மட்டும் எப்படிச் சரியாகும்?

கணக்கோடு பேசுவோம்.

ஒரு பாடசாலையில் 74 வீதம் பேர் உயர்தரத்துக்குத் தகுதி, இன்னொன்றில் 78 வீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது உதாரணத்துக்காக நாங்கள் எடுத்த எண். ஒரு வீதத்துக்கு ஒரு மில்லிமீற்றர் என்று பூச்சியத்தில் தொடங்கி வரைந்தால் ஒரு சலாகை 74 மில்லிமீற்றர், மற்றது 78 மில்லிமீற்றர். வித்தியாசம் 4 மில்லிமீற்றர். பார்க்கிறவர், "இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே" என்பார். அதுதான் உண்மையும்.

இப்போது அச்சை 70 இல் தொடங்குங்கள். 74 இன் சலாகைக்கு 4 அலகு உயரம், 78 இன் சலாகைக்கு 8 அலகு உயரம். ஒன்று மற்றதன் இரண்டு மடங்கு! எண்ணில் ஒரு எழுத்தும் மாறவில்லை. 74 என்றும் 78 என்றும் சலாகையின் தலையில் சரியாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் தொலைபேசித் திரையில் இரண்டு செக்கன் பார்த்துவிட்டு விரலால் தள்ளுகிறவருக்கு எண் மனதில் நிற்காது, உயரம்தான் நிற்கும். "அந்த ஸ்கூல் இவங்கட அரைவாசிதானாம்" என்ற கதை அன்று இரவே கடைத்தெருவுக்கு வந்துவிடும்.

இன்னும் கிட்டப் போய்ப் பார்ப்போம். அந்த இரண்டு பாடசாலையிலும் தலா 27 பிள்ளைகள்தான் பரீட்சை எழுதினார்கள் என்று வையுங்கள். 27 இல் 20 பேர் என்றால் 74 வீதம். 27 இல் 21 பேர் என்றால் 78 வீதம். அதாவது இவ்வளவு பெரிய சலாகை வித்தியாசமும் ஒரேயொரு பிள்ளை. அன்றைக்குக் காய்ச்சலோடு வந்து எழுதிய பிள்ளையாக இருக்கலாம். கடைசி மூன்று மாதம் வாப்பாவோடு கடலுக்குப் போன பிள்ளையாக இருக்கலாம். அந்த ஒரு பிள்ளையை அளவிடை கொண்டு இழுத்து, ஒரு பாடசாலையின் மானமாக்கி, இன்னொரு பாடசாலையின் அவமானமாக்கி விடுகிறோம். 180 பேர் எழுதிய பெரிய பாடசாலையில் அதே 4 வீதம் ஏறக்குறைய ஏழு பிள்ளைகள். ஆனால் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற எண்ணைப் போடும் பெனரை இந்த ஊரில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"இது சும்மா ஒரு போஸ்ட், பிள்ளைகளை ஊக்கப்படுத்தத்தான் போடுகிறோம். இதிலெல்லாம் கணக்குப் பார்க்கலாமா சேர்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். சலாகை உயர உயர, கீழே இருக்கும் அந்த ஒரு பிள்ளை பாடசாலைக்குச் சுமையாகிறது. "இவனை இந்த முறை விட்டுவிட்டு அடுத்த முறை வெளிப் பரீட்சார்த்தியாக எழுதச் சொல்லுங்கள்" என்ற பேச்சு ஆசிரியர் அறைகளில் எழுவதை நாங்கள் காதால் கேட்டிருக்கிறோம். அப்படி ஓரம் கட்டப்படுகிற பிள்ளை பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. போய் நியாயம் கேட்கத் தெரியாத உம்மாவின் பிள்ளை. வரைபு யாருக்கு ஊக்கம், யாருக்கு வினை என்று இனிச் சொல்லுங்கள்.

போஸ்டர் செய்யும் தம்பிமார் எல்லோரும் வேண்டுமென்று ஏமாற்றுகிறார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. பலருக்கு இது நடப்பதே தெரியாது. எக்செல்லில் இரண்டு எண்ணைப் போட்டு நிரல் வரைபு கேட்டால், எண்கள் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்கும்போது அது தானாகவே பூச்சியத்தை விட்டுவிட்டு மேலே எங்கேயோ அச்சைத் தொடங்கும். நீங்கள் தெரிவுசெய்யாவிட்டால் கணினி தெரிவுசெய்யும். கணினிக்கு உங்கள் ஊரும் தெரியாது, அந்தப் பிள்ளையும் தெரியாது. அதனால்தான் அளவிடையைத் தெரிவுசெய்வது மனிதரின் பொறுப்பு என்கிறோம்.

அப்படியென்றால் எல்லா வரைபும் பூச்சியத்தில்தான் தொடங்க வேண்டுமா? இல்லை. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு நாளைக்கு இன்னொரு சண்டை பிடிக்கக் கூடாது.

டெங்குக் காய்ச்சலோடு வாட்டில் இருக்கும் பிள்ளையின் உடல் வெப்பநிலையை வரைகிறோம். 37 பாகையும் 39 பாகையும் பிள்ளையின் உயிரோடு சம்பந்தப்பட்ட வித்தியாசம். அதைப் பூச்சியத்திலிருந்து வரைந்தால் கோடு கிட்டத்தட்ட நேராகத் தெரியும், காய்ச்சல் ஏறியதும் தெரியாது, இறங்கியதும் தெரியாது. அங்கே 35 இலிருந்து 41 வரை எடுப்பதுதான் பொருத்தம். மருத்துவமாது தரும் வளர்ச்சிப் புத்தகத்தைப் பாருங்கள். நம் வீட்டுப் பெண்கள் மாதாமாதம் பார்க்கும் வரைபு அது. பிள்ளையின் புள்ளி எந்த நிறப் பட்டையில் விழுகிறது, கோடு மேலே போகிறதா, படுத்துவிட்டதா என்று எழுத்துக் கூட்டி வாசிக்கும் உம்மாமாரும் சொல்வார்கள். சில நூறு கிராம் குறைந்தாலும் கண்ணில் படுகிற மாதிரி அளவிடை எடுத்திருப்பதால்தான் அவர்களால் சொல்ல முடிகிறது.

வித்தியாசம் இதுதான். சலாகை வரைபில் நமது கண் நீளத்தைப் பார்க்கிறது. நீளம் முழுதாக இருக்க வேண்டும், அடியை வெட்டக் கூடாது. ஆகவே பூச்சியம் கட்டாயம். கோட்டு வரைபில் கண் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கிறது. அங்கே மாற்றம் தெரியும்படி வீச்சை எடுக்கலாம். ஆனால் அச்சு எங்கே தொடங்குகிறது என்று தெளிவாக எழுத வேண்டும். பூச்சியத்திலிருந்து இடையில் வெட்டியிருந்தால் அச்சில் முறிவுக் குறி போட வேண்டும். இது ஒன்றும் பல்கலைக்கழகப் பாடம் இல்லை.

இனி நமக்கு நோகும் ஓர் இடத்துக்கு வருவோம்.

"முஸ்லிம்களின் சனத்தொகை பெருகிக்கொண்டே போகிறது, நாட்டைப் பிடிக்கப் போகிறார்கள்" என்ற பூச்சாண்டி இந்த நாட்டில் எங்களை என்ன பாடுபடுத்தியது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உணவில் கிடந்த மாவுக் கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். பகுப்பாய்வில் அது மாவுதான் என்று வந்தது. அதற்குள் கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அந்தப் பயத்துக்கு அடியில் இருந்தது ஒரு எண்ணும், அந்த எண்ணைப் பார்க்கிற ஒரு விதமும்.

எண்ணை எடுப்போம். குடிசன மதிப்பீட்டின்படி நாட்டின் சனத்தொகையில் இஸ்லாமியர் 1971 இல் சுமார் 7.1 வீதம், 1981 இல் சுமார் 7.6 வீதம், 2012 இல் சுமார் 9.7 வீதம். இதை ஒருவர் சலாகையாக வரைந்து அச்சை 7 இல் தொடங்கினால், 1981 இன் உயரம் 0.6, 2012 இன் உயரம் 2.7. நாலரை மடங்கு! பார்க்கிற சிங்களச் சகோதரர் திடுக்கிடத்தான் செய்வார். பூச்சியத்திலிருந்து வரைந்தால் 7.6 உம் 9.7 உம். நாலில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடிய அதிகரிப்பு. அது இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் நாலரை மடங்கு இல்லை.

கிடை அச்சிலும் ஒரு வேலை நடக்கும். 1971 இலிருந்து 1981 வரை 10 வருடம். 1981 இலிருந்து 2012 வரை 31 வருடம். இடையில் போர், 2001 இல் எடுத்த குடிசன மதிப்பீடும் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக நடந்தது. இப்போது மூன்று வருடங்களையும் சம இடைவெளியில் வைத்துக் கோடு கீறினால், முதல் துண்டு 0.5 ஏறும், அடுத்த துண்டு அதே அகலத்துக்குள் 2.1 ஏறும். படித்திறன் நாலு மடங்குக்கு மேல் கூடியது போல இருக்கும். வருட இடைவெளியைச் சரியாக எடுத்தால் முதல் பத்து வருடத்தில் 0.5, பின்னர் பத்து வருடத்துக்கு ஏறக்குறைய 0.7. கோடு சற்றுத்தான் நிமிர்கிறது. அந்த 31 வருடத்தில் போரினால் எத்தனையோ தமிழ்ச் சகோதரர்கள் நாட்டைவிட்டே போனார்கள், அதனாலும் மற்றவர்களின் வீதம் கூடும் என்பதை எந்த வரைபும் தானாகச் சொல்லாது.

ஆனால் நாமும் மறுபக்கத்துக்கு ஓடக் கூடாது. அச்சைப் பூச்சியத்திலிருந்து 100 வரை எடுத்து, கோட்டைத் தரையோடு படுக்கவைத்து, "பார்த்தீர்களா, ஒரு மாற்றமும் இல்லை" என்று காட்டினால் அதுவும் நேர்மையான வேலை இல்லை. கூடியது கூடியதுதான். எவ்வளவு கூடியது, எத்தனை வருடத்தில் கூடியது என்று ஒரு மனிதனுக்குச் சரியாக விளங்க வைப்பதுதான் பொருத்தமான அளவிடை.

எங்கள் மேல் அந்த அளவிடையைப் பிடித்தபோது நாம் அழுதோம். நியாயமான அழுகை. அதே கையால் பக்கத்துத் தெருப் பாடசாலை மேல் அதே அளவிடையை நாம் பிடிக்கிறோமே, இது என்ன நியாயம்?

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் மௌலவிமார் அல்லர். ஆனால் குர்ஆனின் 83 ஆவது அத்தியாயம் அல்முதஃப்பிஃபீன், அளவையில் மோசடி செய்பவர்களைக் கண்டிப்பதோடுதான் தொடங்குகிறது என்பது மத்ரஸாவுக்குப் போன எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். தனக்கு வாங்கும்போது ஓர் அளவு, மற்றவருக்குக் கொடுக்கும்போது இன்னோர் அளவு. அரிசிக் கடையில் படியின் அடியில் மெழுகு ஒட்டினால் ஹராம் என்று நாமெல்லோரும் ஒரே குரலில் சொல்வோம். அச்சின் அடியில் 70 வீதத்தை வெட்டிவிட்டு நம்முடைய சலாகையை உயர்த்திக் காட்டுவது எந்த வகையில் அதைவிடக் குறைந்தது என்று ஆலிம்களிடம் நீங்களே கேளுங்கள்.

இதற்கு மருந்து வகுப்பறையில்தான் இருக்கிறது. அங்கேயும் நிலைமை நல்லதாக இல்லை.

வரைபு வினாவில் "பொருத்தமான அளவிடையைப் பயன்படுத்தி" என்று எழுதியிருக்கும். பல வகுப்புகளில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை. அட்டவணையை நிரப்பும் முன்பே பலகையில் "10 சிறு பிரிவு = 1 அலகு" என்று எழுதியாகிவிடும். ரியூஷனில் இன்னும் மோசம், எல்லா வரைபுக்கும் ஒரே அளவிடை, மனப்பாடம். y = x² − 2x − 3 என்று கொடுத்து −2 இலிருந்து 4 வரை வரையச் சொன்னால் அந்த மனப்பாடம் தப்பிவிடும், ஏனென்றால் y −4 இலிருந்து 5 வரைதான் போகிறது. தாங்கி நிரம்பும் கணக்கு வந்து, நீர் பூச்சியத்திலிருந்து 230 லீற்றர் வரை போனால் அதே பிள்ளை பேனையை வைத்துவிட்டு யன்னலைப் பார்க்கும். தாள் போதாது!

அந்தப் பிள்ளைக்கு மூன்று விடயம் சொல்லிக்கொடுத்திருந்தால் போதும்.

ஒன்று, முதலில் ஆகக் கூடிய பெறுமானத்தையும் ஆகக் குறைந்த பெறுமானத்தையும் பார். வீச்சைத் தாளில் இருக்கும் பெரிய சதுரங்களின் எண்ணிக்கையால் வகு. 230 லீற்றர், 14 பெரிய சதுரம் என்றால் ஒரு சதுரத்துக்கு 16 இலும் சற்றுக் கூட வரும்.

இரண்டு, அதை அப்படியே எடுக்காதே. 1, 2, 5, 10, 20, 50 என்ற வரிசையில் அடுத்த பெரிய எண்ணுக்குப் போ. இங்கே 20. பெரிய சதுரத்தில் 10 சிறு பிரிவு இருப்பதால் ஒரு சிறு பிரிவு 2 லீற்றர், புள்ளி குறிக்கவும் வாசிக்கவும் இலகு. வரைபு பதினொன்றரைச் சதுரத்தில் அடங்கும், தாளும் நிரம்பும். ஒரு பெரிய சதுரத்துக்கு 3 அலகு என்று எடுத்த பிள்ளையிடம் 4 எங்கே வரும் என்று கேட்டுப் பாருங்கள். சிறு பிரிவுகளுக்கு நடுவில் எங்கேயோ குத்துமதிப்பாக வைக்கும், வளையி நெளியும்.

மூன்று, அச்சின் பெயரையும் அலகையும் எழுது. ஒரே அச்சில் ஓரிடத்தில் ஒரு சதுரம் 20, இன்னோரிடத்தில் ஒரு சதுரம் 50 என்று நடுவில் மாற்றாதே.

இதற்கு மேலதிக பாடவேளை வேண்டாம். "பாடத்திட்டம் முடிக்கவே நேரமில்லை" என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம். ஒரே அட்டவணையை வகுப்பில் பாதிப் பேர் ஒரு அளவிடையிலும் மற்றப் பாதிப் பேர் இன்னோர் அளவிடையிலும் வரைந்து, தாள்களைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டட்டும். ஒன்று மலை, ஒன்று வயல்வரம்பு. எண் ஒன்றுதான். "எது உண்மை?" என்று கேளுங்கள். அன்று வரும் வாய்ச்சண்டைதான் பாடம். அதைப் பார்த்த பிள்ளை இருபது வயதில் எந்த வரைபைக் கண்டும் உடனே கொதிக்காது. முதலில் அச்சைப் பார்க்கும்.

ஆகவே எங்கள் கோரிக்கை வெளிப்படையானது.

பாடசாலை நிர்வாகங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும்: பெறுபேற்றுச் சலாகையைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். வீதத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தகுதி என்று எண்ணையும் போடுங்கள். உங்கள் பாடசாலையை உங்கள் பாடசாலையின் கடந்த வருடங்களோடு ஒப்பிடுங்கள். பக்கத்துப் பாடசாலையைச் சாம்பல் நிறத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டிய தேவை என்ன?

கணித ஆசிரியர்களுக்கு: அளவிடையைப் பலகையில் எழுதிக் கொடுக்காதீர்கள். பிள்ளை பிழையாக எடுத்து, தாள் போதாமல் போய், அழித்துத் திரும்ப எடுக்கட்டும்.

பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும்: ஒரு வரைபு வந்தால் பகிரும் முன்பு இடது பக்கம் கீழே பாருங்கள். அச்சின் அடியில் என்ன எண்? பூச்சியமா, 70 ஆ, ஒன்றுமே இல்லையா? எண்ணே இல்லாத வரைபு வெறும் படம். அது நமது பாடசாலையைப் புகழ்ந்து வந்தாலும் பகிராதீர்கள். நமது சமூகத்தை ஏசி வந்தாலும், கொதித்து எழுதும் முன்பு அச்சைப் பாருங்கள். பதிலும் அங்கேதான் இருக்கும்.

இந்த முறை பெறுபேறு வரும்போது இந்த ஊரில் ஒரு பாடசாலையாவது பூச்சியத்தில் தொடங்கிய சலாகையைப் போடட்டும். சலாகைகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே உயரத்தில் நிற்கும். பார்க்கப் பெரிய அலங்காரமாக இருக்காது. ஆனால் எங்கள் பிள்ளைகள் உண்மையில் நிற்கும் உயரம் அதுதான். அதற்கு மேலே அவர்களை உயர்த்துவது எப்படி என்று அப்போதுதான் உட்கார்ந்து பேச முடியும்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதுங்கள். கணக்கோடு எழுதுங்கள், பாடசாலைப் பெயர் வேண்டாம். வஸ்ஸலாம்.